சேலம் சூனிய வழக்கு: 329 ஆண்டுகள் 'குற்றவாளி'யாகவே இருந்த பெண்... பள்ளி மாணவர்கள் மீட்டது எப்படி?

பழைய வீடு, ஒரு கறுப்புப் பூனை, பரணில் கிடைக்கும் பாட்டியின் டைரி, கூடவே ஒரு கொலை. துப்பறியும் நாயகிக்கு பாதிக் கதையில்தான் தெரியவரும், தன் முன்னோர்களில் ஒருவர் 'சூனியக்காரி' என்று தண்டிக்கப்பட்டவர் என்பது. அதிக ரத்தம் சிந்தாமல், சின்ன ஊரில் நடக்கும் இந்த மாதிரி 'கோஸி மிஸ்டரி' நாவல்கள் பலவும் கடன் வாங்கும் நிஜ சம்பவம் ஒன்று இருக்கிறது. அதுதான் அமெரிக்காவின் சேலம் சூனிய வழக்கு.

ஆனால், அந்த வழக்கின் கடைசி முடிச்சு நாவலுக்கு நேர் எதிரானது. தண்டிக்கப்பட்ட பெண் இருந்தார். அவரைத் தேடி வர ஒரு வாரிசுகூட இல்லை.

சேலத்தில் என்ன நடந்தது?

இது நம்ம ஊர் மாம்பழ சேலம் இல்லை. இன்றைய மாசசூசெட்ஸ் மாகாணத்தில், அப்போது ஆங்கிலேயர் குடியேற்றமாக இருந்த சேலம். 1692-ன் தொடக்கத்தில், அங்குள்ள கிராமப் பாதிரியார் சாமுவேல் பாரிஸ் வீட்டில் இரண்டு சிறுமிகளுக்கு வலிப்பு போல வந்தது. ஒருவர் அவருடைய 9 வயது மகள், இன்னொருவர் 11 வயது உறவுக்காரச் சிறுமி. 'இது சூனியம்' என்ற பேச்சு கிளம்பியது.

முதலில் மாட்டியவர்கள் மூன்று பெண்கள். ஒருவர் பாரிஸ் வீட்டு அடிமைப் பெண் டிடூபா. இன்னொருவர் பிச்சையெடுத்துப் பிழைத்தவர். மூன்றாமவர் நோயாளி. அதன்பிறகு வசதியானவர்கள், பக்தியுள்ளவர்கள் என்று யாரையும் விடவில்லை. சுமார் 200 பேர் மீது குற்றச்சாட்டு பாய்ந்தது.

19 பேர் தூக்கிலிடப்பட்டனர். அதில் 5 பேர் ஆண்கள். விசாரணைக்கு ஒத்துழைக்க மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற முதியவரை, நெஞ்சில் கற்களை அடுக்கியே கொன்றனர். குறைந்தது 5 பேர் சிறையில் இறந்தனர். பலரும் நினைப்பது போல யாரும் எரிக்கப்படவில்லை.

ஆவிதான் சாட்சியா?

ஆமாம். "அவளோட ஆவி ராத்திரி வந்து என்னைக் கிள்ளியது" என்று ஒருவர் சொன்னால், அதையும் நீதிமன்றம் சாட்சியமாக ஏற்றது. அந்த நேரத்தில் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று நிரூபித்தாலும் பயனில்லை. வந்தது ஆவிதானே!

இதைவிடக் கொடுமை இன்னொன்று. 'நான் சூனியக்காரி இல்லை' என்று உறுதியாக நின்றவர்கள்தான் தூக்குமேடைக்குப் போனார்கள். 'ஆமாம்' என்று ஒப்புக்கொண்டவர்களில் பெரும்பாலானோர் பிழைத்தார்கள். உயிர் மேல் ஆசை உள்ளவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

யார் இந்த எலிசபெத் ஜான்சன்?

சேலத்துக்குப் பக்கத்து ஊரான ஆண்டோவரைச் சேர்ந்த 22 வயதுப் பெண். அவர் தாய், சித்தி, கூடப் பிறந்தவர்கள் என்று குடும்பமே குற்றச்சாட்டில் சிக்கியது. பாதிரியாரான தாத்தா பிரான்சிஸ் டேன், பேத்தி விவரம் தெரியாதவள், வெகுளி என்று எழுதிப் பார்த்தார். பலன் இல்லை.

எலிசபெத் குற்றத்தை 'ஒப்புக்கொண்டார்'. 1693 ஜனவரியில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதற்குள் காற்று திசை மாறியிருந்தது. ஆவி சாட்சியம் செல்லாது என்றாகியிருந்தது. ஆளுநர் வில்லியம் பிப்ஸ் தண்டனையை நிறுத்திவைத்தார். எலிசபெத் உயிர் பிழைத்தார். ஆனால் தீர்ப்பு மட்டும் அப்படியே நின்றது.

மற்றவர்கள் பெயர் நீங்கியது எப்படி?

இங்கேதான் வாரிசுகள் வருகிறார்கள். குடும்பத்தினர் தொடர்ந்து மனு கொடுத்ததால், 1711-ல் பலருடைய தீர்ப்பு ரத்தானது. 578 பவுண்டு இழப்பீடும் ஒதுக்கப்பட்டது. விடுபட்டவர்களுக்காக அவர்களின் வழித்தோன்றல்கள் விடாமல் போராடினார்கள். 1957-ல் ஒரு தீர்மானம் வந்தது. 2001-ல் மேலும் 5 பெண்களின் பெயர்கள் அதில் சேர்க்கப்பட்டன.

எலிசபெத் பெயர் மட்டும் எதிலும் இல்லை. 1712-ல் அவரே மனு கொடுத்தும் நடக்கவில்லை. தாய்க்கும் மகளுக்கும் ஒரே பெயர் என்பதால் வந்த குழப்பம் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று சொல்லப்படுகிறது. இன்னொரு காரணம் எளிமையானது. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை, குழந்தைகள் இல்லை. 'எங்க பாட்டி குற்றவாளி இல்லை' என்று சொல்ல யாரும் இல்லை.

மாணவர்கள் என்ன செய்தார்கள்?

வடக்கு ஆண்டோவரில் எட்டாம் வகுப்பு படித்த மாணவர்கள், குடிமையியல் பாடத்தின் ஒரு பகுதியாக இந்த விவகாரத்தைக் கையில் எடுத்தனர். பழைய ஆவணங்களைப் படித்தனர். சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினர். செனட்டர் டயானா டிஸோக்லியோ அவர்களுக்காக மசோதா கொண்டுவந்தார். கடைசியில் மாகாண பட்ஜெட்டோடு அது சேர்க்கப்பட்டு, 2022 ஜூலையில் சட்டமானது. 329 ஆண்டுகளுக்குப் பிறகு எலிசபெத் குற்றமற்றவரானார். சேலம் வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களில், பெயர் மீட்கப்பட்ட கடைசி ஆள் இவர்தான்.

முன்னோர் செய்த பாவம்?

வாரிசு என்பது பாதிக்கப்பட்டவர் பக்கம் மட்டுமல்ல. சேலம் விசாரணை நடத்திய நீதிபதிகளில் ஒருவர் ஜான் ஹாதோர்ன். அவர் வம்சத்தில் வந்தவர்தான் பிரபல எழுத்தாளர் நத்தானியேல் ஹாவ்தோர்ன். குடும்பப் பெயரில் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டார். அந்த நீதிபதியிடமிருந்து விலகி நிற்கத்தான் இப்படிச் செய்தார் என்று பலர் கருதுகிறார்கள்.

2023-ல் கனெக்டிகட் மாகாணமும், சேலத்துக்கு முன்பே அங்கு சூனியக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட 12 பேரைக் குற்றமற்றவர்கள் என்று அறிவித்தது. அங்கும் முன்னால் நின்றது வழித்தோன்றல்கள்தான்.

நாவலில் உண்மையைக் கண்டுபிடிக்க நாயகிக்கு ரத்த உறவு வேண்டும். எலிசபெத் விஷயத்தில் அது தேவைப்படவில்லை. அதே ஊரில், அவருக்கு எந்தச் சொந்தமும் இல்லாத 13, 14 வயதுப் பிள்ளைகள் கேட்டார்கள். அவருக்காகக் கேட்க யாராவது ஒருவர் போதுமாக இருந்தது. அந்த ஒருவர் வர மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஆனது, அவ்வளவுதான்.