ஃபர்னஸ் மக்கர் செய்கிறதா?

கனடாவில் வீட்டையே சூடாக்க ஓர் அடுப்பு உண்டு. அதுதான் கேஸ் ஃபர்னஸ். பேஸ்மென்ட் மூலையில் பீரோ மாதிரி நின்றுகொண்டு, அறைக்கு அறை சூடான காற்றை அனுப்பும். டொரண்டோவில் ஜனவரி இரவுகளில் குளிர் மைனஸ் 20 டிகிரிக்குக்கூடப் போகும். அப்போது இது நின்றுவிட்டால், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். இங்கே குடித்தனம் நடத்தும் சகோதரிகளுக்கும், மகளை இங்கே அனுப்பிவிட்டு ஊரில் கவலைப்படும் அம்மாக்களுக்கும் உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

மெஷின் சமாசாரம் நமக்கெதற்கு என்று ஒதுங்க வேண்டாம். குழம்பு கொதிக்கிற சத்தத்திலேயே பதம் சொல்கிறவர்கள் நாம். ஃபர்னஸுக்கும் சத்தங்கள் வரிசையாக வரும். எந்த இடத்தில் நிற்கிறது என்று கவனித்தால் பாதி வியாதி தெரிந்துவிடும்.

இப்போதைய ஃபர்னஸ்களில் வரிசை இதுதான்: தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் ஒரு சின்ன ஃபேன் 'உய்ங்' என்று சுற்றும். புகையை வெளியே தள்ளுவது இதன் வேலை. அது ஒழுங்காக ஓடினால்தான் இக்னைட்டர் என்ற சின்னத் துண்டு தணல் போலச் சிவக்கும். பிறகு 'டக்' என்று கேஸ் திறந்து தீப்பற்றும். தீ எரிகிறதா என்று சென்சார் கம்பி ஒன்று பார்த்துக்கொள்ளும். அரை நிமிடம் போலக் கழித்துப் பெரிய ஃபேன் ஓடி, சூடான காற்று வரும்.

எதுவுமே ஓடவில்லையா? தெர்மோஸ்டாட் பேட்டரி, பிரேக்கர், ஃபர்னஸ் ஸ்விட்ச் மூன்றையும் பாருங்கள். இந்த ஸ்விட்ச் லைட் ஸ்விட்ச் மாதிரியே இருக்கும், குழந்தைகள் அணைத்துவிடுவதுண்டு. ஃபர்னஸ் கதவு சரியாக மூடாவிட்டாலும் ஓடாது.

சின்ன ஃபேன் சுற்றுகிறது, தணல் இல்லையா? வெளிச்சுவரில் பிளாஸ்டிக் குழாய்கள் இருந்தால், வாயைப் பனி அடைத்திருக்கிறதா பாருங்கள். போன ஜனவரியில் பனிப்புயலுக்கு மறுநாள், எங்கள் தெருவில் மூன்று மாதக் குழந்தைக்காரி ஒருத்தி போன் பண்ணினாள். "ஆன்ட்டி, சின்ன ஃபேன் மட்டும் சுத்துது, வேற ஒண்ணுமே ஆகலை" என்றாள். "வெளியில குழாயைப் பாரும்மா" என்றேன். பனியைக் கையால் ஒதுக்கினாள். கொஞ்ச நேரத்தில், "சூடு வந்துடுச்சு ஆன்ட்டி!" குழாய் சுத்தமாக இருந்தும் தணல் வராவிட்டால், இக்னைட்டர் விரிந்திருக்கலாம். அது மெக்கானிக் வேலை.

தீ பற்றிச் சில வினாடியில் அணைந்து, மறுபடி பற்றி அணைகிறதா? பெரும்பாலும் சென்சார் கம்பியில் படிந்த அழுக்குதான். சில தடவை முயன்றபின் ஃபர்னஸ் தானே நின்றுவிடும். எரியாத கேஸ் சேரக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. திரும்பத் திரும்ப ஸ்விட்சைப் போட்டு வலுக்கட்டாயம் பண்ணாதீர்கள்.

தீ எரிந்தும் காற்று வராமல் 'ம்ம்...' என்று முனகினால், பெரிய ஃபேனின் மோட்டாரோ கபாசிட்டரோ பழுது. அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

ஃபேன் ஓயாமல் ஓடிக் குளிர்ந்த காற்று வருகிறதா? தெர்மோஸ்டாட்டில் ஃபேன் 'ஆன்' என்றிருந்தால் 'ஆட்டோ'வுக்கு மாற்றுங்கள். அதுவும் சரியென்றால் ஃபில்டரைப் பாருங்கள். அது தூசியால் அடைத்திருந்தால் உள்ளே சூடு மிஞ்சி, தீ தானே அணைந்து ஃபேன் மட்டும் ஓடும். குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை ஃபில்டரைப் பார்ப்பது நல்லது.

இதற்குமேல் நாம் கை வைக்கக்கூடாது. லைசென்ஸ் உள்ள கேஸ் டெக்னீஷியன்தான் திறக்க வேண்டும். கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் குழந்தைகளோடு வெளியேறி, அங்கிருந்து போன் பண்ணுங்கள். தீ நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக ஆடினால் உடனே அணைத்துவிடுங்கள்.

வாடையே இல்லாத எமன் கார்பன் மோனாக்ஸைடு. 2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் உட்ஸ்டாக் ஊரில், கேஸ் கணப்பின் புகைவழி அடைபட்டு, ஹாக்கின்ஸ் குடும்பத்தில் தாய், தந்தை, இரண்டு குழந்தைகள் நால்வரும் இறந்தார்கள். அதன்பின் 2013-ல் அவர்கள் பேராலேயே அலாரம் பற்றிய சட்டம் வந்தது. படுக்கையறைக்குப் பக்கத்தில் அந்த அலாரம் வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். வீட்டில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் ஜுரமென்று எண்ணிப் படுக்காமல் வெளியேறுங்கள். ஃபர்னஸ் நின்றுவிட்டதே என்று சமையல் அடுப்பைக் கொளுத்திக் குளிர் காயவும் வேண்டாம்.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போது "ஓடலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எது ஓடிற்று, எது நின்றது, உள்ளே இருக்கும் சின்ன விளக்கு எத்தனை தடவை சிமிட்டிற்று என்று குறித்து வைத்துச் சொல்லுங்கள். அந்தச் சிமிட்டலுக்கான விளக்கம் பெரும்பாலும் கதவின் உட்புறத்திலேயே ஒட்டியிருக்கும். செப்டம்பர் கடைசியிலேயே ஒருநாள் ஓடவிட்டுப் பார்த்துவிட்டால், நடுராத்திரியில் பிள்ளைகளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு தவிக்க வேண்டியிராது.