அட்டவணை கவுத்துடுச்சா சி.எஸ்.கே-வை?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் ஊர்க் கபடிக்குச் சீட்டு குலுக்கும்போதே பாதிச் சண்டை வந்துவிடும். "அவங்களுக்கு மட்டும் சப்பை டீமா?" என்பார்கள். ஐ.பி.எல்-லிலும் அதே கதைதான்!

மொத்தம் 10 அணிகள். ஒவ்வொன்றுக்கும் 14 லீக் ஆட்டங்கள். எல்லோருடனும் இரண்டு முறை மோதினால் 18 ஆகிவிடும். அதனால் 5 அணிகளோடு இரண்டு முறை, 4 அணிகளோடு ஒரு முறை. அந்த ஐந்து பேர் யார் என்பதில்தான் அதிர்ஷ்டம்.

2025-ல் சென்னைக்கு இரண்டு முறை வாய்த்தவை பஞ்சாப், பெங்களூரு, மும்பை, ராஜஸ்தான், கொல்கத்தா. இதில் முதல் மூன்றும் பிளே ஆஃப் போயின! மூன்றாம் இடம் பிடித்த குஜராத்தோ, மற்ற பிளே ஆஃப் அணிகளில் மும்பையோடு மட்டுமே இரண்டு முறை ஆடியது.

"அப்போ அட்டவணைதான் கவுத்துடுச்சு" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். 2024-ல் பஞ்சாப் 9-வது இடம், மும்பை 10-வது இடம். அட்டவணை வந்த அன்று, இந்த இரண்டு அணிகளும் சுலபமாகத்தான் தெரிந்திருக்கும்!

இன்னொன்று. 2025-ல் கொல்கத்தா 8-வது, ராஜஸ்தான் 9-வது. இந்த இருவரோடு ஆடிய 4 ஆட்டங்களில் சென்னை ஜெயித்தது ஒன்றே ஒன்று. சேப்பாக்கத்திலும் 6-க்கு 1. மொத்தம் 4 வெற்றி, கடைசி இடம்.

கஷ்டமான சீட்டு என்பது உண்மை. தோல்விக்கு அது மட்டுமே காரணம் என்பது சமாளிப்பு. நம்ம மானாவாரி விவசாயியைக் கேளுங்கள்... மழை அவர் கையில் இல்லை. ஆனாலும் உழுது வைக்காமல் இருப்பாரா?