திறப்பும் நம்பிக்கையும்

அயலானை நம்பாத மனமே பூட்டைப் படைத்தது என்பார்கள். திறப்பைத் தொலைத்துவிட்டு, அதைத் திறப்பதற்குத் தக்க கருவியையும் தக்க மனிதரையும் தேடி அலைந்தவனுக்கோ, பூட்டுக்கும் நம்பிக்கைக்கும் உள்ள உறவு வேறு விதமாகப் புலப்படும். அந்தப் பாடத்தை நான் கம்பளையில் கற்றேன்.

என் தந்தையாரின் றங்குப்பெட்டி எங்கள் வீட்டு மூலையில் பல்லாண்டு காலம் கிடந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துப் பதிவு பெற்றவர் சிலரே. அவர்களுள் என் தந்தையாரும் ஒருவர். அந்தப் பத்திரம் பெட்டிக்குள் இருந்தது. அதன் திறப்போ தாயாரோடு போய்விட்டது.

பெட்டியில் தொங்கியது திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. பாட்டனார் ஒருமுறை ஊருக்குப் போய்த் திரும்புகையில் வாங்கி வந்தது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததென்று பத்திரிகையில் படித்தபோது, எங்கள் வீட்டுப் பிள்ளைக்கே பரிசு கிடைத்தாற்போல் மகிழ்ந்தவன் நான். “வாளால் அறுத்துவிடுங்கள்” என்று பலரும் கூறினார்கள். எனக்கு மனம் வரவில்லை.

“பெரியப்பா, பூட்டுத் திறக்கும் கருவிகளை இணையத்தில் விற்கிறார்கள்” என்றான் தம்பியின் மகன். படத்தைக் காட்டினான். தோலுறையில் வரிசையாக 24 கருவிகள்; ‘எந்தப் பூட்டும் திறக்கும்’ என்ற உறுதிமொழி; மலிவான விலை. வாங்கினோம். பொதி வந்தது. முதற் கம்பியே விரல் அழுத்தத்தில் வளைந்தது. இரண்டாவதன் விளிம்பு அரம்போல் கையைக் கீறியது. விற்றவருக்கு எழுதினோம், பதில் இல்லை. முகவரியைத் தேடினோம்; அதுவும் இல்லை.

விற்றவர் செய்த பிழை ஒன்றென்றால் நான் செய்த பிழை அதனினும் பெரிது. பூட்டு எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அறியாமலே கருவி வாங்கியிருந்தேன்.

இன்று நம் வீட்டுக் கதவுகளில் பெரும்பாலும் காண்பது ஊசிப் பூட்டு. பழைய எகிப்தியர் மரத்தில் செய்த முறையைத் திருத்தி, அமெரிக்கரான லைனஸ் யேல் என்பவர் 1861இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. உருளைக்குள் சிறு ஊசிகள் வில்லின் அழுத்தத்தில் நிற்கும். திறப்பின் பற்கள் அவற்றைச் சரியான மட்டத்துக்கு உயர்த்தினால் உருளை சுழலும். மாங்காய்ப் பூட்டு நெம்புத் தகட்டு வகை. அதற்குள் இருக்கும் தகடுகள் உரிய உயரத்துக்கு எழும்பினாலன்றித் தாழ் நகராது. முன்னதற்கான மெல்லிய கம்பி பின்னதற்கு உதவாது. ஆகவே, கருவி வாங்க விரும்புவோர் முதலிற் பூட்டை அறிதல் வேண்டும்.

அடுத்தது உலோகம். வளைந்தாலும் மீண்டு நிமிரும் வில்லுருக்கு அல்லது நல்ல துருவேறா உருக்கு நன்று. தடிப்பு அரை மில்லிமீற்றரை ஒட்டியிருக்கலாம். மிகத் தடித்தால் திறப்புத் துளைக்குள் இடமிராது, மிக மெலிந்தால் முறிந்து உள்ளே தங்கிவிடும். விளிம்புகள் மழமழவென்று தேய்க்கப்பட்டிருக்க வேண்டும். எண்ணிக்கையில் மயங்கலாகாது. கற்பவருக்கு ஒரு கொக்கி, ஓர் அரை வைரமுனை, உருளையை மெல்லத் திருப்பிப் பிடிக்க இரண்டு அழுத்துகம்பிகள் போதும்.

விற்பவரைத் தேர்வதற்கும் வழியுண்டு. உலோகத்தின் பெயரையும் தடிப்பையும் வெளிப்படையாகக் கூறுகிறாரா? முகவரி தருகிறாரா? வாங்குமுன் ஒரு கேள்வி கேட்டால் பதில் வருகிறதா? பழுதான பொருளைத் திரும்பப் பெறுவாரா? வாங்கியவர்களின் புகழுரைகளைவிட, சில மாதம் பயன்படுத்தியபின் குறையும் நிறையும் கூறுவோரின் சொல்லையே நம்பலாம். எல்லாப் பூட்டையும் திறக்கும் என்பவரை விட்டு விலகுதலே நலம்.

இவ்வித்தையைப் பேசுவதே தகாது என்பாரும் உளர். 1851இல் இலண்டன் மாநகரில் நடந்த பெரும் பொருட்காட்சியின்போது, ஹொப்ஸ் என்னும் அமெரிக்கர், உடைக்க முடியாதெனப் புகழ்பெற்ற சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்து காட்டினார். 200 கினி பரிசு அறிவித்து 1790 முதல் எவருக்கும் அசையாதிருந்த பிரமாவின் பூட்டையும், 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்துத் திறந்தார். ஊர் அதிர்ந்தது. கள்ளர் இதையெல்லாம் முன்பே அறிவர். அறியாதிருப்பவர் வீட்டுக்காரரே என்பது அவர் வாதம். அதன்பின் பூட்டுக்கள் திருந்தின. எனினும் தன்னுடைய பூட்டையோ, உடையவர் இசைந்த பூட்டையோ தவிர வேறொன்றில் கை வைத்தல் குற்றமே. கருவியை வைத்திருப்பதிலும் நாட்டுச் சட்டத்தை அறிந்து நடத்தல் வேண்டும்.

எங்கள் பெட்டி இறுதியிற் போய்ச் சேர்ந்த இடம் கம்பளைக் கடைவீதியில் ஒரு சந்து. அங்கே குடைக்கும் பூட்டுக்கும் வைத்தியம் பார்க்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் நானா என்போம். அவருடைய கருவிகள் பழைய வாளலகிலும் சைக்கிள் கம்பியிலும் அவரே அராவிச் செய்தவை. பூட்டைத் தொடுமுன் அவர் என்னைப் பார்த்தார்.

“இது யார்ட பெட்டி, மாஸ்டர்?”

“எங்கள் தகப்பனாருடையது, நானா.”

“கூடப் பொறந்தவங்க ஈக்கிறாங்களா? அவங்களயும் கூட்டிக்கொண்டு வாங்க.”

எனக்குச் சற்றே சினம் எழுந்தது. நாற்பதாண்டு ஆசிரியனாயிருந்த என்னையா ஐயுறுகிறார்? ஆயினும் மறுநாள் தம்பியும் தங்கையும் என்னுடன் வந்தனர். மூவரையும் அமரச் செய்து, எங்கள் கண் முன்னே கால் மணி நேரத்தில் பூட்டைத் திறந்தார். பெட்டியின் மூடியை அவர் தொடவில்லை. முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டார்.

தங்கைதான் மூடியை உயர்த்தினாள். தந்தையாரின் பத்திரம் வேட்டித் துணியில் சுற்றியபடி, மடிப்புக் கலையாமல் இருந்தது.

இணையத்தில் எனக்குக் கருவி விற்றவர், அது எந்தப் பூட்டுக்கு, அப்பூட்டு எவருடையது என்று கேட்கவேயில்லை. நானா கேட்ட கேள்வியால் வந்த சினம், அந்தத் துணியைக் கண்டபோதே தணிந்துவிட்டது.

“புதுத் திறப்பு எத்தன வெட்டட்டும்?” என்று கேட்டார் அவர்.

மூன்று என்றேன். இப்பொழுது ஆளுக்கொன்றாக வைத்திருக்கிறோம்.