வேட்டைப் பறவைகளின் உடலில் வாழும் புழுக்கள்

இறந்த பருந்து ஒன்றின் உடலைத் திறந்து பார்க்கையில் புழுக்கள் தென்பட்டால், சாவுக்குக் காரணம் அகப்பட்டுவிட்டதென எண்ணத் தோன்றும். இம்முடிவு பெரும்பாலும் பிழையாகும். இரையை உண்ணும் பறவை இரையினுள் இருக்கும் புழுவையும் சேர்த்தே விழுங்குகின்றது. ஆதலின், நலமாகப் பறந்து திரியும் வேட்டைப் பறவைகளிலும் புழுக்கள் இருத்தல் இயல்பே.

வல்லூறுகளின் காற்றுப்பைகளில் வாழும் செர்ராட்டோஸ்பிக்குலம் என்னும் உருண்டைப்புழுவை எடுத்துக்கொள்வோம். நுரையீரலோடு இணைந்த இப்பைகள் மெல்லிய சவ்வாலானவை. அவற்றில் வளரும் பெண்புழு ஏறக்குறைய ஒரு சாண் நீளம் இருக்கும். அதன் முட்டைகள் மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, எச்சத்தோடு தரையில் விழுகின்றன. அவற்றை வண்டு தின்கின்றது; வண்டின் உடலில் இளம்புழு வளர்கின்றது. அவ்வண்டை வல்லூறு உண்டால், இளம்புழு இரைப்பைச் சுவரைத் துளைத்துக் காற்றுப்பையை அடைகின்றது. விண்ணில் விரையும் பறவை தரையில் ஊரும் வண்டோடு இவ்வாறு பிணைந்திருத்தலை, உணவுச் சங்கிலியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

புழுக்கள் சிலவே இருப்பின் பறவைக்குத் தொல்லை தோன்றுவதில்லை. அவை பெருகினாலோ, பறவை பட்டினியாலும் காயத்தாலும் நலிந்திருந்தாலோ மூச்சுத்திணறல் உண்டாகலாம். வளைகுடா நாடுகளில் வேட்டைக்குப் பழக்கப்படும் வல்லூறுகளில் இப்புழுவை மருத்துவர்கள் அடிக்கடி காண்கின்றனர். நலிவு முந்தியதா, புழு முந்தியதா என்பதே ஒவ்வொரு முறையும் எழும் வினா.

காரணத்தைத் தவறாகக் கொள்வதன் விளைவை நம் நாட்டுப் பாறுகள் உணர்த்தின. 1992-க்கும் 2007-க்கும் இடையே வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்திற்கு ஒன்றாகக் குறைந்தன. தொற்றுநோயே காரணமென முதலில் ஐயுற்றனர். கால்நடைகளுக்கு அளிக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் வலிநீக்கி மருந்து, இறந்த மாட்டின் இறைச்சி வழியே பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பது 2004-இல் வெளியான ஆய்வால் தெளிவாயிற்று. 2006-இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசினாற்போற் படிந்திருந்த வெண்ணிற யூரிக் அமிலமே அந்நஞ்சின் அடையாளம்.

ஆகவே, இறந்த வேட்டைப் பறவையைக் காணும் களப்பணியாளர் அதனை வெறுங்கையால் தொடாமலும், தாமே அறுக்காமலும், வனத்துறைக்கு உடனே அறிவித்தல் வேண்டும். கிடந்த இடம், நாள், அருகே கிடந்த இரை அல்லது மாட்டுப்பிணம், உடல் மெலிந்திருந்ததா என்னும் விவரம் ஆகியவற்றைக் குறித்தனுப்பினால், பரிசோதிக்கும் கால்நடை மருத்துவருக்குப் புழுவைக் காட்டிலும் அக்குறிப்பு மிகுதியாக உதவும்.