சொல்லில்லாப் பாட்டு

மார்கழி மாதத்து வைகறையில் திருவண்ணாமலைத் தெருக்கள் பாட்டொலி கேட்டே கண்விழிக்கும். மாணிக்கவாசகர் திருவெம்பாவையை அருளிச்செய்தது இவ்வூரில் என்பது மரபு. அம்மாதத்தில் நாகசுரக்காரர் பழகிய பாட்டு ஒன்றை ஊதுவாராயின், கேட்போர் உதடுகள் தாமே சொற்களை முணுமுணுக்கும். குழலிலே சொல் இல்லை. கேட்பவர் நெஞ்சிலே இருக்கிறது.

அதே மார்கழியின் ஒன்பதாம் நாளிலோ பத்தாம் நாளிலோ கிறிஸ்து பிறப்பு விழா வரும். டென்மார்க்கு நாட்டு மிஷனரிமார் தொண்டாற்றிய ஊர்களுள் திருவண்ணாமலையும் ஒன்று. அவர்கள் பெயர் தாங்கிய பள்ளி இன்றும் அங்கே உள்ளது. அவ்விழாவுக்கென மேனாட்டில் வழங்கும் பழம்பாடல்கள் பல, தமிழ்ச் சொற்களோடு நம் நாட்டு ஆலயங்களிலும் ஒலிக்கின்றன. இரவில் வீடுதோறும் சென்று அவற்றைப் பாடும் வழக்கமும் உண்டு. பலர் கூடிப் பாடும் இப்பாடல்களை ஒருவரே பியானோவில் சொல்லின்றி வாசிப்பதும் ஒரு தனிக்கலையாக வளர்ந்துள்ளது.

அது தோன்றும் அளவுக்கு எளிதன்று. ஆலயத்துப் பாடகர் குழுவில் பெண்குரல் இரண்டும் ஆண்குரல் இரண்டுமாக நான்கு வகைக் குரல்கள் இணைந்து ஒலிக்கும். அந்நான்கையும் பத்து விரல்களே ஏற்கவேண்டும். மெட்டு பெரும்பாலும் வலக்கையின் சுண்டுவிரலைச் சாரும். விரல்களுள் வலிமை குன்றிய அதுவே பாட்டின் உயிரைச் சுமக்கிறது! மற்றைய விரல்கள் அதனினும் மெல்ல ஒலிக்கப் பழகவேண்டும்.

இதனினும் பெரிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. நாகசுரக்காரர் மூச்சுள்ளவரை ஒரு சுரத்தை நீட்டலாம், அசைக்கலாம், அடுத்த சுரத்துக்கு வழுக்கியும் செல்லலாம். பியானோவிலோ, கட்டையை அழுத்தியவுடன் உள்ளிருக்கும் சிறு சுத்தியல் கம்பியைத் தட்டுகிறது. தட்டிய கணமே ஒலி தேயத் தொடங்குகிறது. கமகத்துக்கு அங்கே இடமே இல்லை. ஆதலால் நம் இராகங்கள் அதற்கு எளிதில் இணங்குவதில்லை. மேனாட்டுப் பாடல்களுக்கு அக்குறை இல்லையாயினும், நெடிய சுரம் வருமிடத்தில் அவையும் வெறுமையாகிவிடும். அவ்வெறுமையை நிரப்புவதிலேயே பாட்டை அமைப்பவரின் திறம் விளங்கும். சேர்ந்தொலிக்கும் சுரங்களை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து உதிர்ப்பார். தாழ்ந்த கட்டைகளில் மணியோசை எழுப்புவார். மிதிகட்டையை அழுத்திக் கம்பிகளின் ஒலி அடங்காமற் செய்வார். அளவு மிஞ்சினால், நகை மிகுந்து முகம் மறைந்த மணமகளைப்போல மெட்டு காணாமற் போகும். வல்லுநர் பலரும் இப்பிழைக்கு ஆளாகின்றனர்.

அங்கேரி நாட்டில் பிறந்த பிரான்ஸ் லிஸ்ட், பியானோவில் எவருக்கும் எளிதில் கைகூடாத அருஞ்செயல்களைச் செய்து ஐரோப்பாவை வியக்கவைத்தவர். முதுமையில் அவர் தம் பேர்த்தி டானியெலாவுக்காக ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்னும் பன்னிரண்டு பகுதிகள் கொண்ட தொகுதியை இயற்றினார். பழம்பாடல்கள் சில அதில் இடம்பெற்றுள்ளன. கிழக்கிலிருந்து வந்த ஞானியர் மூவரின் நடை போல, அவற்றுள் ஒன்றை அணிவகுப்பு நடையில் அமைத்தார். ஆரவாரத்துக்குப் பெயர்பெற்ற அக்கைகள் இங்கே பெரும்பாலும் அடக்கமாகவே இயங்குகின்றன. தொகுதி 1882-ஆம் ஆண்டில் அச்சாயிற்று.

அந்நாட்டவரே ஆகிய பேலா பார்டோக் வேறு வழி சென்றார். ருமானியச் சிற்றூர்களுக்குச் சென்று, உழவர்கள் பாடிய கிறிஸ்து பிறப்புப் பாடல்களை நேரிற் கேட்டு எழுதிக்கொண்டார். அவற்றுள் இருபதை 1915-ஆம் ஆண்டில் பியானோவுக்கு அமைத்தார். அப்பாடல்களில் தாளம் ஒரே அளவில் நில்லாது, அடிக்கடி மாறும். அவர் அதனைச் சீராக்க முற்படவில்லை. பாடியவர்களின் தாளத்தை அப்படியே நிறுத்தினார். எட்டுச் சுர இடைவெளிக்கு எட்டாத சிறுவர் கைகளுக்கும் ஏற்குமாறு அவற்றை எழுதினார். அரங்கில் வாசிப்போர் நிறைந்த ஒலியை விரும்பக்கூடுமென்று, சில பாடல்களுக்குக் கைகளை அகல விரித்து வாசிக்கும் வேறு வடிவமும் பின்னர் எழுதிச் சேர்த்தார்.