அடுப்பங்கரையும் மருந்தகமே... ஆனால் எதுவரை?



பெரம்பூர் தொடங்கி இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வரை நம் வட சென்னையில் சர்க்கரை நோயின் பெயரைக் கேளாத இல்லம் உண்டா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாகவும், மேலும் 13 கோடிக்கும் அதிகமானோர் அதன் வாசலில் நிற்பதாகவும் கணக்கிட்டது. வாசலில் நிற்பவர் உள்ளே நுழையாமல் திரும்ப வழி உண்டா? உண்டு. அதை நிரூபித்தவர்கள் நம் பகுதியைச் சேர்ந்த மருத்துவர்களே!

இராயபுரம் சொன்ன உண்மை

டாக்டர் மு. விசுவநாதன் 1954-இல் இராயபுரத்தில் நிறுவிய நீரிழிவு மருத்துவமனையின் ஆராய்ச்சி மையத்தில், டாக்டர் அ. இராமச்சந்திரன் தலைமையில் ஓர் ஆய்வு நடைபெற்றது. அதன் முடிவு 2006-இல் வெளியானது. நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை நான்கு பிரிவினராக்கி ஏறத்தாழ மூன்றாண்டுகள் கவனித்தனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளாயினர். உணவைத் திருத்தி நடைப்பயிற்சி மேற்கொண்டவர்களில் அந்த எண்ணிக்கை 39 தான். மெட்ஃபார்மின் மாத்திரை உண்டவர்களில் 40. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் பயன் கிட்டவில்லை.

அப்படியானால், இந்த நிலையில் உள்ளவர்களுக்குத் தட்டும் நடையும் மாத்திரைக்கு நிகராகப் பணியாற்றின என்றுதானே பொருள்?

தட்டில் என்ன மாற்றம்?

பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலையிலும் துறைமுகத்திலும் உடல் நோக உழைத்தவர்களுக்குக் குவித்து வைத்த சோறு தேவைப்பட்டது. அந்த ஆலை 1996-இல் மூடப்பட்டது. அந்த உழைப்பாளிகளின் பிள்ளைகளில் பலர் இன்று நாற்காலியில் அமர்ந்து பணி செய்கின்றனர். உழைப்பு குறைந்தது, சோற்றின் குவியல் மட்டும் குறையவில்லை!

எனவே தட்டில் பாதியைக் காய்கறிக்கும் கீரைக்கும் ஒதுக்குங்கள். கால் பங்கு பருப்பு, மீன், முட்டை அல்லது கொழுப்பு நீக்கிய இறைச்சி. மீதிக் கால் பங்கே சோறு. வெள்ளிக்கிழமை பிரியாணியை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரு கரண்டியைக் குறைத்து, வெங்காயத் தயிர்ப்பச்சடியையும் கத்தரிக்காயையும் கூட்டிக்கொள்ளுங்கள். கேழ்வரகு நல்லதே, ஆனால் மாவைக் கரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் அது விரைவில் சர்க்கரையை ஏற்றும். காய்கறி சேர்த்து அடையாக அளவோடு உண்பது மேல்.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன் என்று மாறுவோர் பலர். தேனின் சிறப்பை நாம் அறிவோம். ஆயினும் சர்க்கரை நோயாளியின் இரத்தத்தில் இவை யாவும் சர்க்கரையையே உயர்த்துகின்றன. பேரீச்சம் பழத்திற்கும் அளவு உண்டு.

உண்டபின் சிறிது நேரம் நடப்பது சிறந்த மருந்து. வெளியே செல்ல வாய்ப்பில்லாத சகோதரிகள் மொட்டை மாடியில் நடக்கலாம்.

வெந்தயமும் கருஞ்சீரகமும்

வெந்தயத்தில் உள்ள வழுவழுப்பான நார்ச்சத்து, உணவிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்துகிறது. ஹைதராபாத் தேசிய உணவூட்ட நிறுவனம் இதை முறையாக ஆராய்ந்துள்ளது. பாகற்காயும் கருஞ்சீரகமும் ஓரளவு உதவக்கூடும். இன்சுலினுக்கோ மாத்திரைக்கோ இவை மாற்றாகா. மருந்து உண்பவர் வெந்தயத்தை மிகுதியாகச் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் கூடும். ஆகவே மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

மெட்ஃபார்மினின் மூலமும் ஒரு மூலிகைதான் என்பதை அறிவீர்களா? ஐரோப்பாவில் கலேகா என்னும் செடியில் இருந்த ஒரு பொருளே அம்மருந்து உருவாக வழிகாட்டியது. செடி நச்சுத்தன்மை உடையது. பக்குவப்படுத்தி, அளவு கண்ட பின்னரே அது மருந்தாயிற்று. மூலிகைக்கும் மாத்திரைக்கும் பகைமை இல்லை, அளவறியாமைதான் பகை.

உயிரோடு விளையாடாதீர்!

"ஒரே மண்டலத்தில் குணம், ஊசியை நிறுத்திவிடுங்கள்" என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். குழந்தைப் பருவத்தில் வரும் சர்க்கரை நோயில் உடல் இன்சுலினைச் சுரப்பதே இல்லை. அப்பிள்ளைக்கு ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும். பெயர் தெரியாத பொடிகளில் ஆங்கில மருந்தையே இரகசியமாகக் கலந்து விற்பதும் கண்டறியப்பட்டுள்ளது. சித்த, யூனானி மருத்துவம் நாடுவோர் பதிவு பெற்ற மருத்துவரிடமே செல்லுங்கள். இரத்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

நோன்புக் காலத்தில்

ரமளானுக்கு ஓரிரு மாதங்கள் முன்பே மருத்துவரைக் கண்டு, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றி அமையுங்கள். ஸஹரைத் தவிர்க்காதீர்கள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு சேர்ந்த நம் நோன்புக் கஞ்சி நல்லுணவே. ஒரு கிண்ணம் போதும். கூடவே சமோசா, வடை, சர்பத் என்று அடுக்குவதுதான் கேடு.

நோன்பு நேரத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலும், 300-க்கு மேல் ஏறினாலும் நோன்பை முறித்துவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் வழிகாட்டல். வியர்வை, நடுக்கம், தலைச்சுற்றல் கண்டால் உடனே விரல் நுனியில் சோதியுங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை மறுப்பது பக்தியாகுமா? சிந்தியுங்கள்!

சகோதரிகளே! குடும்பத்தின் நலம் உங்கள் கரண்டியில் பாதி இருக்கிறது. மீதிப் பாதி மருத்துவரின் சீட்டில் இருக்கிறது. முப்பது வயது கடந்த வீட்டார் அனைவருக்கும் இந்த மாதமே ஒருமுறை இரத்தத்தைச் சோதித்துவிடுங்கள். வாசலில் நிற்கும்போதே கண்டுகொண்டால் திரும்பி வருவது எளிது.