நீரிழிவுடையோர் நடை தொடங்குமுன்

நாள் முழுதும் தறியை மிதிக்கும் நெசவாளருக்குத் தனியே தேகப்பயிற்சி எதற்கு என்று அங்கத்தினர் பலர் வினவுவதுண்டு. வினா நியாயமானதே. ஆயினும், குழித்தறியில் கால்களை இறக்கி, இருந்த இடத்திலேயே இருந்து நாடா ஓட்டுவதால் தோளும் இடுப்பும் நோகுமேயன்றி, உடல் முழுதையும் இயக்கும் நடைக்கு அவ்வேலை ஈடாகாது.

சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவு வரும் நிலையிலிருந்த 531 பேரிடம் நடத்திய ஆராய்ச்சி 2006-இல் வெளியாயிற்று. உடலுழைப்பாளரை வழக்கமான வேலையைத் தொடரச் சொல்லி, மற்றவரை நாள்தோறும் அரைமணி நடக்கச் சொன்னார்கள், ஆகாரத்தையும் திருத்தினார்கள். மூன்றாண்டில் ஆலோசனை பெறாதோரில் 55 சதவிகிதத்தினருக்கும், நடையும் உணவும் திருத்தியோரில் 39 சதவிகிதத்தினருக்கும் நோய் கண்டது. வயலில் உழைப்போர் முதல் வகை. தறியில் அமர்வோரை இரண்டாம் வகையில் சேர்ப்பதே பொருத்தம் என்பது நம் கருத்து.

நோய் வந்து பல்லாண்டு ஆனவர் எடுத்த எடுப்பில் அரைமணி நடக்க முற்படலாகாது. முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்திலாவது இரத்த அழுத்தம், சர்க்கரை, இருதயம் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். விழித்திரையின் நுண்ணிய குழாய்கள் கெட்டிருப்பின், பளு தூக்கி முக்கும்போது உள்ளே இரத்தம் கசியக்கூடும். கண்ணே முதலாகிய நெசவாளர் இதில் அசட்டையாக இருக்கலாமா? டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனை நம் மதுரையிலேயே இருக்கிறது.

இன்சுலின் போட்டுக்கொள்வோரும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உண்போரும் மிக்க கவனமாயிருக்க வேண்டும். நடையில் சர்க்கரை அளவு மளமளவென்று இறங்கிவிடலாம். விடியுமுன் வெறும் வயிற்றோடு மல்லிகை பறிக்கச் செல்லும் விவசாயிகளுக்கும் இவ்வபாயம் உண்டு. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, காரணமற்ற சினம் ஆகியவை அதன் அறிகுறிகள். (சினத்தை மட்டும் கண்டு வீட்டார் சண்டைக்கு வந்துவிடுவதும் உண்டு!) உடனே நின்று, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து அருந்திக் கால்மணி அமர வேண்டும், தெளியாவிடில் மீண்டும் அருந்தலாம். மடியில் சிறு சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். மாத்திரையின் அளவைத் தாமே குறைத்துக்கொள்வது தகாது. அது வைத்தியர் பொறுப்பு.

காமராஜர் சாலைப் பக்கத்து அன்பர்களுக்கு வண்டியூர் தெப்பக்குளம் அருகிலேயே உள்ளது. அதன் ஒரு பக்கம் ஏறத்தாழ ஆயிரம் அடி. முதல் வாரம் ஒரு பக்கம் மட்டும் போய்த் திரும்பினால் பத்து நிமிடம் ஆகும். பேசிக்கொண்டே நடக்க இயலும் வேகமே போதும். பின்னர் வாரத்திற்கு ஐந்து நிமிடமாகக் கூட்டலாம். சித்திரை வெயிலில் காலை எட்டு மணிக்குமுன் முடித்துவிடுக.

வெறுங்காலோடு நடத்தல் கூடாது. உணர்ச்சி குன்றிய பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. வீடு திரும்பியதும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். நடக்கையில் மார்பு இறுகினாலோ, வலி இடத்தோளுக்கோ தாடைக்கோ பரவினாலோ, அங்கேயே அமர்ந்து 108-ஐ அழைக்கச் சொல்லுக.